அமாவாசை விரதம் இருந்த விரால்

தென்காசியில் நாங்கள் வாங்கிய வீட்டில் கிணறு பாதிதான் எங்களுக்கு. ஒரே வீடாக இருந்ததை அண்ணன் தம்பி இருவர் பாகம் பிரித்தபோது நடுவே சுவர் எழுப்பியிருக்கிறார்கள். சுவர் நேராகப் புறவாசலுக்கு வந்தபோது கிணறு குறுக்கே நின்றது. இரண்டு பேருமே கிணற்றை விட்டுக்கொடுக்கவில்லை. கிணற்று வாய்க்கு மேல் ஒரு கல் உத்தரத்தைப் போட்டு, அதன் மேல் சுவரைக் கட்டிக்கொண்டே போய்விட்டார்கள். தண்ணீர் இறைக்க இந்தப் பக்கம் ஒரு ராட்டு, அந்தப் பக்கம் ஒரு ராட்டு. கீழே தண்ணீர் மட்டும் ஒன்றாகக் கிடக்கும்.

தம்பியின் பாகத்தை என் வீட்டுக்காரர் வாங்கினார். அவருக்கு மரக்கடையில் வேலை. அண்ணனின் பாகத்தில் அவர் மகன் இருந்தார். இலஞ்சியில் பள்ளிக்கூட வாத்தியார். அவரை நான் அண்ணாச்சி என்பேன், அவர் மனைவியை மதினி என்பேன். சொந்தமெல்லாம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்களை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவர்கள் சுத்த சைவம். நாங்கள் அப்படி இல்லை. தம்பிக்காரர் அண்ணன் மேலிருந்த கோபத்தில் மீன் தின்கிற வீடாகப் பார்த்துத்தான் விற்றார் என்று தெருவில் சொல்வார்கள். இருக்கும்.

ஆனால் மதினிக்கும் எனக்கும் ஒரு சண்டையும் கிடையாது. நான் மீன் பொரித்தால் அந்தப் பக்கம் சாம்பிராணி புகையும், அவ்வளவுதான். கொழுக்கட்டை, அதிரசம் எல்லாம் அங்கிருந்து இங்கே வரும். இங்கிருந்து அங்கே முருங்கைக்கீரை, எலுமிச்சம்பழம், இப்படிப் பச்சையாக இருப்பவைதான் போகும். சமைத்தது போகாது. பேச்செல்லாம் கிணற்றடியில்தான். குனிந்து பார்த்தால் சுவர் மறைப்பதால் மதினியை நேராகப் பார்க்க முடியாது, தண்ணீரில் அவள் முகம் தெரியும். அதைப் பார்த்துத்தான் பேசுவேன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். ஒரு பிள்ளை பிறந்து தங்கவில்லை. அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளையும் புருஷனும் அண்ணாச்சிதான்.

செங்கோட்டை திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து நம் பக்கம் சேர்ந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். அந்தக் கோடையில் அண்ணாச்சிக்கு விஷக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து, தேறி, வீட்டுக்கு வந்து, ஒரு வாரத்தில் மறுபடி காய்ச்சல். மறுபடி ஆஸ்பத்திரி. இரண்டாம் தடவை அவரை வண்டியிலிருந்து இறக்கியபோது நான் வாசலில் நின்றிருந்தேன். சட்டைதான் இறங்கியது, உள்ளே ஆளைக் காணோம். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நல்ல மனுஷன், அந்த நிலையிலும் என்னைப் பார்த்து, “சௌக்கியமா தாயி?” என்றார்.

நாலு நாள் கழித்து மதினி கிணற்றடிக்கு வந்தாள். வாளியை விடவில்லை. சும்மா நின்றாள். தண்ணீரில் அவள் முகம் வீங்கித் தெரிந்தது.

“ஏட்டி, டாக்டர் ஒரு சங்கதி சொல்லுதாரு.”

“என்ன மதினி?”

“இன்னொரு தடவ காய்ச்சல் வந்தா அவுக ஒடம்பு தாங்காதாம். அதுக்குள்ள தேத்திரணுமாம். பாலு, கஞ்சி, முட்டைன்னாரு. முட்டையே எங்க வீட்டுல நொழையாதுன்னேன். அப்ப முட்டைய விடுங்க, இது கட்டாயம்னு ஒண்ணு சொல்லுதாரு.”

“எது?”

“தண்ணிக்குள்ள இருக்குமே.”

“தாமரைத்தண்டா?”

“நீந்துமே.”

“வாத்தா?”

எனக்குப் புரிந்துவிட்டது. அவள் வாயால் சொல்ல வைக்கவேண்டும் என்று ஒரு குறும்பு. ஆனால் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். கண்ணீர் விழுந்து தண்ணீரில் அவள் முகம் கலங்கியது. என் வாய்க்கு ஒரு நேரங்காலம் கிடையாது.

“விரால்தான மதினி? சும்மா இருங்க. நான் பாத்துக்கிடுதேன். எங்க அடுப்புல வைக்கேன். எங்க வீட்டுலயே அண்ணாச்சி வந்து சாப்பிடட்டும். ஒங்க வீட்டுக்கு ஒரு சட்டி ஏனமும் வராது, ஒரு வாடையும் வராது.”

“உசுரோட இருக்கணுமாம். கடையில ஐஸுல கெடக்கது ஆகாதாம்.”

“உசுரோடயே வரும்.”

காய்ச்சலில் அடிபட்டவர்களுக்கு விரால் கொடுப்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். உடம்பில் சதை பிடிக்கும், முள்ளும் குறைவு. நான் பிறந்தது இலஞ்சி. வயலுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவில் வளர்ந்தவளுக்கு விரால் ஒரு பெரிய காரியமா? மறுநாள் காலை பஸ்ஸில் தூக்குவாளியோடு அம்மா வீட்டுக்குப் போனேன்.

என் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். “வாத்தியாருக்கா?” என்று உடனே மூங்கில் கம்பை எடுத்தான். அவன் பையன் அண்ணாச்சியிடம்தான் படித்தான். குளக்கரையில் தவளைக் குஞ்சு பிடித்து, முதுகுத் தோலில் தூண்டிலைக் கோத்தான். முறுக்கு நூல், பெரிய முள். தாமரை இலைகளுக்கு நடுவே தவளையைப் போட்டு, தட்டித் தட்டி இழுப்பதுதான் முறை. தவளை தானாகத் தாவுகிற மாதிரி இருக்கவேண்டும். அண்ணன் இழுத்தது தவளை மாதிரி இல்லை, துணி துவைக்கிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்தேன். பிறகு கம்பைப் பிடுங்கிவிட்டேன்.

“ஏட்டி, கலியாணமான பொம்பள கம்பு புடிச்சிட்டு நின்னா ஊருல என்ன சொல்லுவான்?”

“மீனு புடிக்கான்னு சொல்லுவான். நீ அங்கன திரும்பி நில்லு.”

விரால் அடிக்கடி மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுப் போகும். ‘ப்ளப்’ என்று ஒரு சத்தம் கேட்கும், தண்ணீரில் வட்டம் விழும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளித் தவளையைப் போட்டேன். ஒரு வட்டத்தில் சிவப்புச் சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் நுரைத்துக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டோம். குஞ்சோடு இருக்கிற தாயை எங்கள் வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். அடுத்த இடத்தில் இலை அசைந்தது. தவளை மறைந்தது. உடனே இழுத்தால் வாயைக் கிழித்துக்கொண்டு போய்விடும். அது விழுங்கட்டும் என்று நூலைத் தளர்த்திக் கொடுத்துவிட்டு, பிறகு ஒரே சுண்டு. முழங்கை நீளத்துக்குக் கறுத்த முதுகும் வெள்ளை வயிறுமாக ஒன்று கரையில் வந்து விழுந்து புரண்டது. சந்தோஷத்தில் நான் போட்ட சத்தத்துக்குத் தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

பஸ்ஸில் வாளி மூடி தடதடவென்று ஆடிக்கொண்டே வந்தது. கண்டக்டர் சந்தேகமாகப் பார்த்தார்.

“என்னம்மா உள்ள?”

“மருந்து.”

“மருந்து ஏம்மா இந்தக் குதி குதிக்கி?”

“வீரியமான மருந்து” என்றேன். பஸ்ஸே சிரித்தது.

வீட்டுக்கு வந்து புறவாசலில் கிணற்றையொட்டி இருந்த தொட்டியில் தண்ணீர் நிரப்பி விராலை விட்டேன். துள்ளி வெளியே விழாமலிருக்க ஒரு முறத்தைக் கவிழ்த்து, மேலே கல்லை வைத்தேன். மதினியைக் கூப்பிட்டு, “வந்தாச்சு. நாளைக்கு மத்தியானம் அண்ணாச்சிய அனுப்புங்க” என்றேன்.

“நாளைக்கா? நாளைக்கு ஆடி அமாவாசைல்லா!”

எனக்கு மறந்தே போயிருந்தது. அமாவாசையன்று எங்கள் வீட்டிலும் மீன் சட்டி அடுப்பில் ஏறாது. அவர்களுக்குக் கேட்கவே வேண்டாம், அண்ணாச்சியின் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிற நாள். சரி, நாளை மறுநாள் என்று முடிவாயிற்று. விரால் தொட்டித் தண்ணீரில் ஒரு வாரம் கூடக் கிடக்கும். எனக்கு ஒரு கவலையும் இல்லை.

கவலைப்பட்டிருக்க வேண்டும். வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு அவர்கள் இருவரும் குற்றாலத்துக்குப் போய்க் குளித்து, தர்ப்பணம் முடித்து, ஆற்றுப் படியில் உட்கார்ந்து மீனுக்குப் பொரி போட்டுவிட்டு வருவார்கள். மதினிக்கு மீன் என்றால் அதுதான். பொரி போட்டால் கூட்டமாக வாயைப் பிளந்துகொண்டு வரும் சுவாமி பிராணி. அதைச் சட்டியில் வைத்து அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. அந்த வருஷம் அண்ணாச்சியால் வாசல் வரை நடக்க முடியவில்லை. குற்றாலம் போகவில்லை. பொரி மட்டும் வழக்கம்போல வாங்கிவிட்டாள்.

அமாவாசையன்று மத்தியானம், இரண்டு புறவாசலுக்கும் பொதுவான முடுக்குச் சந்து வழியாக எங்கள் புறவாசலுக்கு வந்தாள். குளித்த தலை, நெற்றி நிறையத் திருநீறு, மடியில் பொரி.

“ஏட்டி, இந்த வருசம் போவ முடியல. இங்கன ஒண்ணு இருக்குல்லா, இதுக்குக் கொஞ்சம் போட்டுட்டுப் போயிருதேன்.”

நான் முழித்தேன். “மதினி, அத நாளைக்கு நாம...”

“அது நாளைக்கு. இன்னைக்கு அமாவாசைல்லா.”

முறத்தை எடுத்து, பக்தியாகப் பொரியைத் தூவினாள். விரால் அடியில் கிடந்தது. பொரி மிதந்தது. விரால் தவளை தின்கிற ஜாதி, பொரியை எங்கே சீண்டப்போகிறது? அவளுக்கு முகம் வாடிவிட்டது. பொரியை நனைத்துப் போட்டாள். வெல்லத்தோடு போட்டாள். விரால் ஒரு தடவை மேலே வந்து ‘ப்ளப்’ என்று மூச்சு வாங்கிவிட்டுக் கீழே போனது.

“திங்க மாட்டேங்குதே.”

“அது பொரி திங்காது மதினி.”

அவள் கொஞ்ச நேரம் குனிந்து அதையே பார்த்தாள். பிறகு, “அமாவாசை விரதம் போல” என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. நான் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டேன். அங்கே என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “நாளைக்குக் கொழம்பு வச்ச மாதிரிதான்” என்றார்.

மறுநாள் விடிந்து போய்ப் பார்த்தால் தொட்டி காலி. முதலில் பூனை என்று நினைத்தேன். ஆனால் முறம் ஒழுங்காகக் கவிழ்ந்திருந்தது, கல் அதன் மேல் நடுவாக இருந்தது. பூனை தின்றுவிட்டுக் கல்லைத் திருப்பி வைக்காது. கிணற்றைக் குனிந்து பார்த்தேன். கீழே ‘ப்ளப்’.

“மதினீ!”

அந்தப் பக்கம் ராட்டுக் கயிறு நின்றது. அவள் அங்கேயேதான் நின்றிருக்கிறாள்.

“நீங்களா விட்டது?”

“பொரி போட்டுட்டேன்ட்டி. என் கையால போட்டுட்டு, அதையே எப்பிடி அவுகளுக்குக் குடுக்க?”

“யாரு ஒங்களப் போடச் சொன்னா?”

“விரதம்லாம் இருந்துச்சேட்டி.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வெயிலில் நின்று, அண்ணனிடம் பேச்சு வாங்கி, பஸ்ஸில் பல்லைக் காட்டிக் கொண்டுவந்த மீன். வாளியைக் கிணற்றில் விட்டுத் துழாவினேன். விரால் வாளிக்கு வருமா? என் வீட்டுக்காரர் தூண்டில் போடலாம் என்றார், அந்தப் பக்கத்திலிருந்து, “கெணத்துல முள்ளு போடாதீங்க, குடிக்கத் தண்ணி” என்று குரல் வந்தது. “ஒங்களுக்குப் புருசன் வேணுமா, மீனு வேணுமான்னு முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க” என்று கத்திவிட்டு உள்ளே போனேன்.

அன்று சாயங்காலம் அந்தப் பக்கம் ராட்டு விறுட்டென்று உருண்டது, வாளி தண்ணீரில் விழுகிற சத்தம், அதோடு “ஐயோ” என்று மதினியின் குரல். முடுக்கு வழியாக ஓடினேன். மதினி அடுக்களையில் இருந்தபோது, அண்ணாச்சி கால் கழுவ அவரே தண்ணீர் இறைக்கப் பார்த்திருக்கிறார். அரை வாளி கனத்தைக் கை தாங்கவில்லை. கயிற்றை விட்டுவிட்டுத் துவைக்கிற கல்லில் சரிந்து உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க முடியவில்லை. மதினி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் தூக்கினோம். தூக்க ஒன்றுமே இல்லை.

“அரை வாளித் தண்ணி தாயி” என்றார் அண்ணாச்சி. வெட்கப்பட்டுச் சிரித்தார்.

அவரைக் கட்டிலில் விட்டுவிட்டு மதினி என் பின்னாலேயே முடுக்குக்கு வந்தாள். என் கையைப் பிடித்தாள். அதற்கு முன்னால் அவள் என்னைத் தொட்டதில்லை.

“இன்னொண்ணு கொண்டுட்டு வா. நான் அத ஏறிட்டுக்கூடப் பாக்க மாட்டேன்.”

“பாக்கணும். இந்தத் தடவ நீங்களும் வந்து நிக்கணும். நீங்க வாசல்ல நின்னாத்தான் அண்ணாச்சி திம்பாக.”

சரி என்றாள்.

அண்ணன் இரண்டு நாளில் ஒன்று கொடுத்தனுப்பினான். என்னைவிட நன்றாகத் தவளையை ஆட்டப் பழகியிருப்பான். இந்தத் தடவை தொட்டியில் விடவே இல்லை. வந்த உடனே தலையில் ஒரே போடு. சாம்பலைப் போட்டு, சொரசொரப்பான கல்லில் உரசினேன். விராலின் வழவழப்புப் போகவில்லை என்றால் கவுச்சி போகாது. உரசி உரசி வெளுக்க வைத்தேன். செதில் எடுத்து, துண்டு போட்டு, உப்பும் மஞ்சளும் போட்டு நாலு தண்ணீர் கழுவினேன். புளி கிடையாது, மிளகாய் கிடையாது. மிளகும் சீரகமும் வெள்ளைப்பூடும் சின்ன உள்ளியும் தட்டி, நல்லெண்ணெயில் வதக்கி, மண்சட்டியில் தண்ணீர் மாதிரிச் சாறு. துண்டு வெந்ததும் இறக்கிவிட்டேன். எங்கள் வீட்டில் அப்படி வைத்தால் என் வீட்டுக்காரர் சட்டியையே பார்க்கமாட்டார். ஆனால் மணம் நன்றாகவே வந்தது.

அண்ணாச்சி முடுக்கு வழியாக, மதினியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். உள்ளே வாழை இலை போட்டிருந்தேன். மதினி அடுக்களை நிலைக்கு வெளியே, மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். சோறு வைத்து, சாறு விட்டு, முள் எடுத்த இரண்டு துண்டு வைத்தேன். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு ஒரு கவளம் எடுத்தார். வாய்க்குப் பக்கத்தில் போனதும் குமட்டியது. வைத்துவிட்டார். மறுபடி எடுத்தார். மறுபடியும். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

“வேண்டாம் தாயி. எங்க அப்பா முகம் வந்து நிக்குது. ஆவுறது ஆவட்டும்.”

கையைக் கழுவச் செம்பைத் தேடினார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தால் மூக்கைப் பிடித்து ஊட்டலாம்.

அப்போது மதினி நிலையைத் தாண்டி உள்ளே வந்தாள். எங்கள் அடுக்களைக்குள் அவள் கால் வைத்தது அன்றுதான். அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். இலையைத் தன் பக்கம் இழுத்தாள். வாழ்நாள் முழுக்க அவர் சாப்பிட்டு எழுந்த இலையில் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டவள், அவர் முன்னால், அவர் இலையில், மீனைப் பிட்டுச் சோற்றோடு பிசைந்து வாயில் போட்டாள். கண்ணை மூடவில்லை. மென்றாள். விழுங்கினாள். இன்னொரு கவளம் எடுத்து அதையும் விழுங்கினாள். அவள் தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன்.

“உப்பு கொஞ்சம் கூட” என்றாள். “மத்தபடி ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க.”

அண்ணாச்சி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இலையை இழுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். “முள்ளு இருக்கும், பாத்து” என்று மட்டும் மதினி சொன்னாள். முள் எங்கே இருக்கும் என்று அவளுக்கு என்ன தெரியும்? சட்டியில் இருந்த சாறு வரை அவர் குடித்து முடிக்கும் மட்டும் அசையாமல் எதிரே உட்கார்ந்திருந்தாள். நான் புறவாசலுக்கு வந்துவிட்டேன்.

அவர்கள் போன பிறகு சட்டியை வழித்து நக்கிப் பார்த்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. அந்தப் பக்கம் ராட்டுச் சத்தம் வெகுநேரம் நிற்கவில்லை. மதினி வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அண்ணாச்சி தானாக வந்து சாப்பிட்டார். வாரத்துக்கு ஒன்றிரண்டு விரால் இலஞ்சியிலிருந்து வந்தது. மதினி வாசலில் நிற்பாள், உள்ளே வரவேண்டியிருக்கவில்லை. அண்ணாச்சியின் சட்டைக்குள் மெதுவாக ஆள் தெரிய ஆரம்பித்தது. புரட்டாசி முடியும்போது அரை வாளி இறைத்தார். ஐப்பசியில் சைக்கிளைத் துடைத்து எடுத்துப் பள்ளிக்கூடம் போனார். மூன்றாம் காய்ச்சல் வரவில்லை. பள்ளிக்கூடம் போன அன்றோடு எங்கள் வீட்டுப் பந்தியும் முடிந்தது. அந்த வாடை பிறகு அவருக்கு ஆகவே இல்லை. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

கிணற்று விரால் மட்டும் அங்கேயே இருந்தது. உச்சி வெயில் நேராக இறங்கும்போது உத்தரத்துக்குக் கீழே நிழலாக நிற்கும். புழு பூச்சியெல்லாம் தின்று கொழுத்தது, தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. “மதினி, ஒங்க விரதக்காரர் வந்திருக்காரு, வந்து பாருங்க” என்று கூப்பிடுவேன். அவள் வரமாட்டாள். விரால் மேலே வந்தால் தண்ணீரில் தெரிகிற அவள் முகம் உடனே மறைந்துவிடும். எறும்புக்கு அரிசிமாவில் கோலம் போடுகிறவள், காக்காய்க்கு வைக்காமல் சாப்பிடாதவள். கார்த்திகைக்கு வீடு நிறையப் பொரி இருந்தும் கிணற்றில் ஒரு பிடி போடவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை, கேட்டுவிட்டேன்.

“அன்னைக்கு வெல்லத்தோட போட்டீங்க. இப்ப என்ன கோவம் அது மேல?”

“கோவம் என்னட்டி. தின்ன கை இது. இதால எப்பிடிப் போட?”

“இது என்ன நியாயம்! நான் வாரத்துல ரெண்டு நாள் திங்கேன். குத்தாலத்துக்குப் போனா நானும்தான் போடுதேன்.”

“ஒனக்கு அது சோறு. எனக்கு அப்பிடி இல்ல.” கொஞ்சம் நிறுத்தி, “தின்னதுக்கு வருத்தம் இல்ல பாத்துக்க. அவுகளுக்குன்னா நாளைக்கும் திம்பேன். ஆனா தின்னுட்டு, அது முகத்துல எப்பிடி முழிக்க?”

அண்ணாச்சி பிழைத்ததற்கு அவள் கொடுத்த விலை அந்த இரண்டு கவளம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவள் இன்னும் கொடுத்துக்கொண்டே இருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த ஆடி அமாவாசைக்கு அவர்கள் குற்றாலத்துக்குக் கிளம்பியபோது என்னையும் கூப்பிட்டார்கள். நல்ல சாரல். அருவியில் கூட்டம். அண்ணாச்சி யார் தோளையும் பிடிக்காமல் படியிறங்கிக் குளித்தார், எள்ளும் தண்ணீரும் விட்டார். மதினி அவர் ஒவ்வொரு படியாக ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வழக்கம்போலப் பொரி வாங்கினார்கள். ஆற்றுப் படிக்கு வந்ததும் மதினி பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு படி மேலே போய் நின்றுகொண்டாள்.

அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். “என்ன, நீ போடலையா?”

“அவ போடட்டும்.”

“வருசா வருசம் நீதான போடுவ?”

அவள் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்துவிட்டேன். தொட்டியில் பொரி போட்டது, விரால் விரதம் இருந்தது, கிணற்றில் விட்டது, தின்ற கையால் போடமாட்டேன் என்றது, எல்லாவற்றையும் அந்தப் படியில் நின்று கொட்டிவிட்டேன். மதினி என்னை முறைத்தாள். முறைத்தால் முறைக்கட்டும் என்றிருந்தது. கிணற்றில் விரால் இருப்பது அண்ணாச்சிக்குத் தெரியும், அது எப்படி வந்தது என்பது அதுவரை தெரியாது.

அவர் என் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, இரண்டு படி ஏறி அவளிடம் போனார்.

“கைய நீட்டு.”

அவள் நீட்டவில்லை.

“எனக்காகத்தான தின்ன? எனக்காகப் போடு.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தில் சதை வைத்திருந்தது, முழங்கை எலும்பு தெரியவில்லை. எதைப் பார்த்தாளோ, இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள். அவர் பொட்டலத்தைக் கவிழ்த்தார். அவள் மெதுவாகக் கடைசிப் படிக்கு இறங்கினாள். ஒரே வீச்சாக, சுட்டுவிட்டதைப் போல, எல்லாவற்றையும் தண்ணீரில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மீன்கள் வந்தன. எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை, கறுப்புக் கறுப்பாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்து, அவள் கால்விரலுக்குப் பக்கத்தில் வந்து வாயைப் பிளந்தன. ஒரு பொரி மிச்சமில்லை. சத்தம் கேட்டு அவள் கண்ணைத் திறந்தாள். காலடியில் அத்தனை வாயும் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தபடி நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்காமலேயே என் பக்கம் திரும்பினாள்.

“என்னட்டி பாத்துட்டு நிக்கே? போயி இன்னும் கொஞ்சம் பொரி வாங்கிட்டு வா.”